ஆன்டிகனிக்கு மட்டும் அழுகிறவர்கள்

தமிழ்நாட்டில் 'நல்ல நாடகம் பார்க்கிறவர்கள்' என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. சென்னையில் கொஞ்சம், புதுச்சேரியில் கொஞ்சம், மதுரையில் இன்னும் கொஞ்சம். வெளிநாட்டுக் குழு வருகிறது என்றால் இந்தக் கூட்டம் ஐநூறு, ஆயிரம் கொடுத்து டிக்கெட் எடுக்கும். மொழி புரியாவிட்டாலும் மூன்று மணி நேரம் இருமாமல் உட்கார்ந்திருக்கும். முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டும். அதே வாரத்தில் நம்ம பசங்க ஒரு நாடகம் போட்டால், அதுவும் இலவசமாகப் போட்டால், வராது. வந்தாலும் பாதியில் செல்போனை எடுத்துப் பார்க்கும். இதைப் பற்றிப் புலம்பாத நாடகக்காரர் தமிழில் கிடையாது. இருபது வருஷமாக வீதி நாடகக் குழுக்களோடு சுற்றுகிற எனக்கு இந்தப் புலம்பல் மனப்பாடம். ஆனால் புலம்பலுக்குள்ளேயே ஒரு கள்ளம் இருக்கிறதோ என்றுதான் கொஞ்ச நாளாக எனக்குச் சந்தேகம். அதைப் பேசுவோம் தோழர்களே.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் ஆறு மாசம் ஒத்திகை பார்க்கிறான், நமக்கு ஒத்திகைக்கு ஒரு மொட்டைமாடிகூடக் கிடைப்பதில்லை. அவனுக்கு அரசாங்கமும் அறக்கட்டளையும் காசு கொடுக்கின்றன, நாம் துண்டு ஏந்துகிறோம். அவனுடைய விளக்கு சொன்ன இடத்தில் எரிகிறது, நம்முடைய மைக் கரகரக்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் தரத்தை மட்டும் வைத்து இது விளங்கிவிடாது. ஒரு பெஞ்சு, இரண்டு நடிகர்கள், ஒரு மங்கல் விளக்கு, இவ்வளவுதான் என்றாலும் அது போலந்திலிருந்து வந்தால் அந்த எளிமைக்கு 'அழகியல்' என்று பேர். அதே பெஞ்சும் அதே இரண்டு நடிகர்களும் திண்டிவனத்திலிருந்து வந்தால் 'வசதி பத்தல, பாவம்' என்று பேர்.

காலனிய அடிமைப்புத்தி என்று இன்னொரு விளக்கம் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். 'கூத்தாடி' என்பது வசவாக இருந்த ஊரில் ஒரு கனவான் முகத்தில் அரிதாரம் பூச வேண்டும் என்றால் அவனுக்கு ஒரு வெள்ளைக்கார நற்சாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. ஷேக்ஸ்பியர் அதைக் கொடுத்தார். கூத்து தெருவிலேயே நின்றது. அந்தப் பத்திரத்தின் மதிப்பு இன்னும் இறங்கவில்லை. 2006இல் டிம் சப்பிள் என்கிற ஆங்கிலேய இயக்குநர், பிரிட்டிஷ் கவுன்சில் ஏற்பாட்டில், இந்திய இலங்கை நடிகர்களை வைத்து 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை ஏழு மொழிகளில் கலந்து போட்டார். தமிழும் அதில் ஒரு மொழி. மேடையில் தமிழ் பேசினால் முகம் சுளிக்கிறவர்களுக்குக்கூட அன்றைக்குத் தமிழ் இனித்தது. வெள்ளைக்காரன் வாய்வழி வந்த தமிழாச்சே!

ஆனாலும் 'காலனிய மனோபாவம்' என்று சொல்லி இதை முடித்துவிடுவது சாதி இந்து அறிவுஜீவிக்கு ரொம்ப வசதி. வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. நாடகம் பார்க்கிறவன் எந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறான் என்பது. நாற்காலி எந்த வரிசை என்று கேட்கவில்லை. கதைக்குள் அவனுக்கு எந்த இடம் என்று கேட்கிறேன்.

ஆன்டிகனியை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் சொபோக்ளிஸ் எழுதி ஏறக்குறைய 2,460 வருஷம் ஆகிறது. ஊருக்கு எதிராகப் படை திரட்டி வந்து செத்துப்போனான் என்பதற்காக ஒருவனுடைய பிணத்தை யாரும் அடக்கம் செய்யக்கூடாது, நாயும் கழுகும் தின்னட்டும் என்று அரசன் கிரியோன் உத்தரவு போடுகிறான். செத்தவனின் தங்கை ஆன்டிகனி, 'உன் சட்டத்தைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது' என்று சொல்லி அண்ணன் மேல் மண் போடுகிறாள். அவளை உயிரோடு குகையில் அடைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒரு பிணத்தை மண்ணில் இறக்க விடு என்று கேட்கிற கதை. உலகம் பூராவும் இன்றைக்கும் ஆடுகிறார்கள். தமிழிலும் 1980களில் மதுரை நிஜ நாடக இயக்கத்துக்காக மு. ராமசாமி இதை நம்முடைய ஆட்ட வடிவங்களைக் கொண்டு 'துர்க்கிர அவலம்' என்று செய்தார். பெரிய காரியம் அது.

நகரத்துக் கல்லூரி ஒன்றில் வெளிநாட்டுக் குழு போட்ட ஆன்டிகனியைப் பார்த்தேன். பேராசிரியர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அதே கல்லூரியில் மாணவர்கள் அழைத்து எங்கள் குழு போனது. இருபது நிமிஷ நாடகம். சேரிப் பிணம் ஊர்ப் பாதையில் போகக்கூடாது என்கிறார்கள், பிணத்தை வைத்துக்கொண்டு சனம் நிற்கிறது, அதுதான் கதை. நாங்களாகக் கற்பனை செய்த கதையில்லை. 2016 ஜனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு முதியவர் இறந்துபோனார். பொதுப்பாதையில் கொண்டுபோக விடுங்கள் என்று உயர்நீதிமன்றமே உத்தரவு போட்டது. கடைசியில் போலீசே பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில், அப்போதைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், நிலத்துக்காரர்கள் வழிவிடாததால் நம் சனங்கள் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் பார்க்கப்பட்டது. கிரியோன் மண் போட வேண்டாம் என்றுதான் சொன்னான். சுடுகாட்டுக்கே வழி கிடையாது என்று சொல்லுகிற யோசனை அவனுக்கு வரவில்லை.

எங்கள் நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல். முதல் கேள்வியே, "சார், இதுல மெசேஜ் இருக்கு, ஆர்ட் எங்கே இருக்கு?" இரண்டாவது, "இன்னமும் இப்படியெல்லாம் நடக்குதா? கொஞ்சம் மிகைப்படுத்தறீங்களோ?" மூன்றாவது கேள்வி கேட்டவர் போன வருஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் ஒருவர். "எதுக்கு மாணவர்கள் மத்தியில சாதியைக் கொண்டுவர்றீங்க?" என்றார். ஏதோ நாங்கள் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தோம், அதுவரை அந்த வளாகத்தில் அது இல்லாமல் இருந்தது என்கிற மாதிரி.

இரண்டு நாடகத்திலும் பிணம்தான். இரண்டிலும் அடக்கம் செய்யக் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள். ஆன்டிகனி பார்க்கும்போது அந்தப் பேராசிரியர் ஆன்டிகனி பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். கிரியோன் யாரோ ஒரு கிரேக்கன். அவனுக்கும் இவருக்கும் பங்காளி உறவு இல்லை, ஒரே தெருவில் வீடு இல்லை. ஆகவே துணிந்து கிரியோனை வெறுக்கலாம். எங்கள் நாடகத்தில் அவருக்கு அந்த வசதி இல்லை. பாதையை மறிக்கிறவன் பேசுகிற பேச்சு அவருடைய பெரியப்பா பேசுகிற பேச்சு. மேடையில் நிற்கிற வேட்டியும் துண்டும் அவர் ஊர்த் திருவிழாவில் மாலை வாங்குகிற வேட்டியும் துண்டும். இங்கே அவருக்கு மிஞ்சியிருப்பது குற்றவாளிக் கூண்டுதான். காசு கொடுத்து யார் வந்து கூண்டில் ஏறுவார்கள்? இலவசமாகக்கூட ஏறமாட்டார்கள். அதனால்தான் 'இதில் கலை இல்லை' என்கிற தீர்ப்பு அவ்வளவு அவசரமாக வருகிறது.

உள்ளூர்க் கதை என்பதற்காகவே இவர்கள் ஒதுக்குகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. நந்தனை ஒதுக்கினார்களா? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் நூறு வருஷத்துக்கு மேல் கதாகாலட்சேபமாகவும் மேடையாகவும் சினிமாவாகவும் ஓடியது. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஏன் ஓடியது? நந்தன் வேதியரிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றால் சரி ஆண்டே என்கிறான். கடைசியில் நெருப்புக்குள் இறங்கி 'சுத்தமாகி' மறைகிறான். பார்க்கிறவனுக்கு அழுகையும் கிடைக்கிறது, புண்ணியமும் கிடைக்கிறது. கணக்கு எதுவும் பாக்கி இல்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் நெருப்பில் செத்தார்கள். அதை மேடையில் வைத்தால் 'பிரச்சாரம்' என்கிற உதடுகள் நந்தன் நெருப்பில் இறங்கும்போது 'ஆகா' என்றன. தலித் தானாக நடந்து நெருப்புக்குள் போனால் அது காவியம். தள்ளிக் கதவைப் பூட்டினவன் யார் என்று கேட்டால் அதில் கலை இல்லை.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் அதால் ஃபூகார்டும் ஜான் கனியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து 1973இல் 'தீவு' என்கிற நாடகத்தைச் செய்தார்கள். ராபன் தீவுச் சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகள், சிறைக் கலைநிகழ்ச்சிக்காக ஆன்டிகனி ஒத்திகை பார்க்கிறார்கள். பொய்முடியும் பொய்முலையும் வைத்துக்கொண்டு பெண் வேஷம் கட்டினால் எல்லாரும் சிரிப்பார்கள், நான் மாட்டேன் என்று ஒருவன் முரண்டுபிடிக்கிறான். கடைசியில் அவனே கட்டுகிறான். லண்டன் கொண்டாடியது. 1975இல் நியூயார்க்கில் அந்த இரண்டு கறுப்பு நடிகர்களுக்கும் டோனி விருது கிடைத்தது. அடுத்த வருஷம், 1976இல், 'சிஸ்வே பான்சி செத்துவிட்டான்' நாடகத்தைச் சொந்த மண்ணில் டிரான்ஸ்கெய் பகுதியில் போட்டதற்காக அதே இரண்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஒரே நடிகர்கள், ஒரே உடம்பு. தூரத்தில் விருது, பக்கத்தில் விலங்கு.

இங்கே தோழர்கள் சிலர் ஒன்று கேட்பார்கள். அப்படியானால் 'மண்ணின் கலைகளைக் காப்போம்' என்று கிளம்பலாமா, வெளிநாட்டு நாடகங்களைப் புறக்கணிக்கலாமா? எனக்கு இந்தக் கோஷத்தில் ஒட்டுதல் இல்லை. மண் என்று சொன்னால் யாருடைய மண் என்று கேட்கத்தானே நாம் இயக்கம் கட்டினோம். தெருக்கூத்தைப் பற்றி நகரத்து ஆட்கள் உருகுவதைக் கேட்டிருப்பீர்கள். நான் சின்ன வயதில் பார்த்த கூத்து, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், கர்ண மோட்சம், பதினெட்டாம் நாள் படுகளம். ஊர்க்காரர்கள் பாய் போட்டு முன்னால் உட்காருவார்கள். எங்கள் சனம் வைக்கோல் போருக்குப் பின்னால், களத்து ஓரமாக, நின்றுகொண்டே விடியவிடியப் பார்க்கும். கட்டியக்காரன் எங்கள் சாதியைச் சொல்லி ஒரு கேலி விடுவான். முன்வரிசை குலுங்கிச் சிரிக்கும். பின்னால் நிற்கிற எங்கள் அப்பன்களில் சிலபேர் அதற்கும் சிரித்தார்கள், அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. பாஞ்சாலிக்காக நாங்களும் அழுதோம். சபை நடுவில் ஒரு பெண்ணின் சேலையை உருவுவது எங்களுக்கு இதிகாசம் இல்லை. அப்படிப் பார்த்தால் அந்தக் கூத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. வடமாவட்டங்களில் நம்மவர்களே ஜமா கட்டி ஆடுகிறார்கள், வாத்தியார்களாகவும் இருக்கிறார்கள். ஆனால் பங்கு வேறு, பாய் வேறு. பாய் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்தக் கூத்துக்கும் வெளிநாட்டு முத்திரை விழுந்த கதை இருக்கிறது. பாரீசில் அரியான் முனுஷ்கினின் தியேத்ர் து சொலேய் குழு 2016இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்று ஒரு நாடகம் போட்டது. திருவண்ணாமலை மாவட்டம் புரிசையிலிருந்து கண்ணப்ப சம்பந்தன் போய் அந்த நடிகர்களுக்குக் கூத்து பழக்கினார். பிரெஞ்சுக் குழுவின் நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துகிலுரிதலும் கர்ணனும் ஆடினார்கள். 2017 டிசம்பரில் நியூயார்க்குக்கும் போனது. புரிசைக்காரர்களின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்கப்புறம் இங்கே சில நண்பர்கள், "பாரீசுல தெருக்கூத்து பாத்தியா, என்ன ஒரு எனர்ஜி!" என்று வீடியோ அனுப்பினார்கள். சென்னையிலிருந்து செய்யாறு பக்கம் மூணு மணி நேர பஸ். சித்திரை, வைகாசியில் கிளம்பினால் ஏதாவது ஒரு ஊரில் விடிய விடிய ஆடிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் கிடையாது. போகமாட்டார்கள். அங்கே போனால் யார் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படும். பாரீசில் எல்லாருக்கும் நாற்காலி.

நம்முடைய நாடகம் இல்லாமலில்லை. கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதினார். தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 2016இல் அவர் மறையும்வரை, மேடை ஏறிய நம் சனத்தின் பாட்டுக்கும் பறைக்கும் அவர் குரல் முன்னால் நின்றது. மராட்டியத்தில் 1930களில் அம்பேத்கரிய ஜல்சாக்கள் மகர் சேரிகளில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. தமாஷா வடிவத்தை எடுத்து, அதிலிருந்த கணபதி துதியையும் ஆபாசத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, அண்ணலின் பேச்சை உள்ளே வைத்தார்கள். 2017இல் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிய 'மஞ்சள்' நாடகம் சென்னை காமராசர் அரங்கில் நடந்தது. ஜெயராணி எழுத, ஸ்ரீஜித் சுந்தரம் இயக்க, கட்டியக்காரி குழு ஆடியது. 'இந்தச் சனங்கள் சினிமாவைத் தவிர எதையும் பார்க்காது' என்று இனியும் யாராவது சொன்னால், எந்தச் சனத்தை எந்த வாசலில் நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்கள் என்று கேளுங்கள்.

கல்லூரிகளில் நாடகக் குழு வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போட்டிக்கு எந்த நாடகம் எடுக்கலாம் என்று கேட்டு வருகிறீர்கள். பிரெக்ட், லோர்க்கா, தாரியோ ஃபோ என்று பட்டியலும் கொண்டு வருகிறீர்கள். எடுங்கள். அவர்கள் யாரும் நமக்கு அந்நியர் இல்லை. மிலான் நகரத்தில் 1969இல் போலீஸ் விசாரணையின்போது ஜன்னலிலிருந்து ஒரு தொழிலாளி 'விழுந்து' செத்ததை வைத்து ஃபோ எழுதிய நாடகம், நம்ம ஊர்க் காவல் நிலையங்களில் 'வழுக்கி விழுகிற'வர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பெயரை மாற்றாமல், ஊரை மாற்றாமல், இத்தாலிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுவீர்களேயானால் நடுவர்கள் பரிசு கொடுப்பார்கள். காவல் நிலையத்தின் பெயரை மட்டும் உள்ளூர்ப் பெயராக மாற்றிப் பாருங்கள். பரிசு எங்கே போகிறதென்று தெரிந்துவிடும். ரெண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரி மாணவர்கள் இப்படி மாற்றினார்கள். முதல் சுற்றிலேயே 'தலைப்புக்குப் பொருத்தமில்லை' என்று வெளியே அனுப்பினார்கள்.

நாங்களும் ஆன்டிகனியை எடுத்தோம். வடாற்காட்டுப் பக்கம் ஒரு சேரியில், பள்ளிக்கூடத்துத் திடலில், ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோம். கிரேக்கப் பெயர்களை மாற்றவில்லை, வேண்டுமென்றே அப்படியே வைத்தோம். அரைமணி நேரத்துக்குள் சனங்கள் ஆன்டிகனியை 'ஆண்டிக்கன்னி' ஆக்கிக்கொண்டார்கள். முடிந்ததும் ஒரு ஆயா, வேஷம் கட்டின பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு எந்தூரு கண்ணு?" என்று கேட்டது.

"கிரேக்க நாடு ஆயா. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்ன எழுதினது."

"அப்பவேவா? அங்கியும் சுடுகாட்டுக்கு உடமாட்டானா?"

யாரும் 'இதில் கலை எங்கே' என்று கேட்கவில்லை. கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. நடுவயது ஆள் ஒருத்தர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவ ராசா வூட்டுப் பொண்ணு. அதான் தனியா எதுத்து நின்னா, அவள மட்டும் அடைச்சான். நம்மள்ல ஒருத்தி நின்னா தெருவையே கொளுத்திடுவானுங்க. நீங்க இதுல தெருவ காட்டவே இல்லியே." சொபோக்ளிஸ் மீது இவ்வளவு நேரடியான விமர்சனத்தை நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவருக்குப் பக்கத்திலிருந்த பையன், பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறான், கோரஸைப் பற்றிக் கேட்டான். ஊர்ப் பெரியவர்கள் பதினைந்து பேர் அந்த நாடகத்தில் கோரஸ். அரசன் செய்வது சரியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டே நிற்பார்கள், அவளைக் குகைக்கு இழுத்துப் போகும்வரை.

"அண்ணே, அந்தப் பதினஞ்சு பெருசுங்களும் எதுக்கு மேடையில நிக்கிறாங்க? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. அவங்கள கீழ உக்கார வைங்க."

அந்தப் பையன் சொன்னபடியே இப்போது மாற்றிவிட்டோம். தெருவும் உள்ளே வந்துவிட்டது. நகரத்தில் போட ஒரு அரங்கத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வாடகையெல்லாம் பேசியாகிவிட்டது. முதல் வரிசையில் பதினைந்து நாற்காலி எங்களுக்கு வேண்டும், அங்கே கோரஸ் உட்காரும், விருந்தினர்கள் அவர்களுக்கு நடுநடுவே உட்காரட்டும் என்று கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.